அப்பாவுக்குப் பிடிக்காத உலோகம்

எங்க ஆயாவோட வலது கையில, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல ஒரு தழும்பு இருக்கு. அஞ்சு ரூபாய் காயின் அளவு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பத்தி ஒரு கட்டுரை கொடுன்னு நம்ம இதழ் குழுவில் கேட்டப்போ, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு தோணுச்சு. ப்ராஜெக்ட் தலைப்பு ரிப்போர்ட்டில் ரெண்டு வரி நீளத்துக்கு இங்கிலீஷில் இருக்கு. சுருக்கமா சொன்னா, கரண்ட் கம்பிக்கு அலுமினியக் கலவை செய்யறது.

ஒரு மன்னிப்பும் கேட்டுக்கறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் ரெண்டு பக்கத்துக்கு மேல கடைசியா எழுதினது பன்னிரண்டாவது பரீட்சையில். தப்பு இருந்தா எடிட்டர் திருத்தியிருப்பான். திருத்தலைன்னா அவனைக் கேளுங்க.

ஆயா வீடு மேனாம்பேட்டில், எங்க வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. 1979-ல் தாத்தா கட்டினது. தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கடன் வாங்கி, லீவு நாளெல்லாம் கூட நின்னு கட்டின வீடு. வயரிங்கும் அந்தக் காலத்து வயரிங்தான். சுவரில் மர ரீப்பர் அடிச்சு, அது மேல தகரக் கிளிப் வெச்சு வயரை ஓட்டியிருப்பாங்க, பழைய வீடுகளில் பார்த்திருப்பீங்க. அந்த வயருக்கு உள்ளே இருந்தது அலுமினியம்.

நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி, ஆயா வீட்டு ஹாலில் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த சுவிட்ச் போர்டிலிருந்து புகை வந்தது. தாத்தா அப்போ இல்ல, இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆயா தனியா இருந்தாங்க. போர்டு ஆணியில் ஒரு துண்டு தொங்கிட்டு இருந்திருக்கு. அது பத்திக்குமோன்னு பயந்து ஆயா அதை இழுத்தாங்க. துண்டோட சேர்ந்து உருகின பிளக் பாயின்ட் ஒரு சொட்டு கையில விழுந்துடுச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் ஓடி வந்து மெயினை ஆஃப் பண்ணினார். அவ்வளவுதான் நடந்தது. பேப்பரில் வர்ற அளவுக்கு எதுவும் இல்ல.

அப்பா டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துட்டுப் போனார். நானும் கூடப் போனேன். போர்டைக் கழட்டி, கருகின கம்பி நுனியை டார்ச் வெளிச்சத்தில் என்கிட்ட காட்டினார். சாம்பல் நிறத்தில், தொட்டா பொடியா உதிர்ந்தது. "பாத்தியா? அலுமினியம்" என்றார். கெட்ட வார்த்தை சொல்ற மாதிரி சொன்னார்.

ஃபியூஸ் போகலை. அதுதான் அன்னைக்கு எனக்குப் புரியாத விஷயம். காலேஜ் வந்து இரண்டாம் வருஷத்தில்தான் புரிஞ்சுது. ஃபியூஸ் ஓவர் கரண்ட் வந்தாதான் உருகும். லூஸான ஜாயின்ட்டில் ஓடுவது நார்மல் கரண்ட். அந்த ஜாயின்ட்டில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. ஃப்ரிட்ஜும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து 10 ஆம்ப் இழுத்தா, கரண்ட்டின் வர்க்கம் பெருக்கல் ரெசிஸ்டன்ஸ், 50 வாட். நம்ம எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்போ ரெண்டு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி மர போர்டுக்குப் பின்னாடி மறைச்சு வெச்ச மாதிரி. ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

அப்பா பத்தி சொல்லணும். அவர் எஸ்டேட் பக்கம் ஒரு வைண்டிங் கடை வெச்சிருக்கார். ஒரு ஷட்டர், ஒரு ஆள், அப்பா. எரிஞ்சு போன மோட்டாரைப் பிரிச்சு, ஸ்டேட்டரிலிருந்து பழைய காயிலை வெட்டி எடுத்து, டர்ன் எண்ணி, கேஜ் பார்த்து, புதுக் கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காய வைக்கிற வேலை. வீட்டுக்கு வரும்போது வார்னிஷ் வாசனையோடதான் வருவார். அந்தத் தொழிலில் அலுமினியம்னா ஏமாத்து வேலைன்னு அர்த்தம். மலிவு மோட்டார்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு நிறத்தில் எனாமல் பூசி சுத்தியிருப்பாங்க. பார்த்தா காப்பர் மாதிரியே இருக்கும். அப்பா பிளேடால ஒரு கீறு கீறுவார். உள்ளே வெள்ளையா தெரிஞ்சா, கஸ்டமரைக் கூப்பிட்டுக் காட்டிட்டுதான் அடுத்த வேலை. காட்டாம விட்டா, "நான் கொடுத்தது காப்பர், நீங்க மாத்திட்டீங்க"ன்னு சண்டைக்கு வந்துடுவாங்க. வந்தும் இருக்காங்க.

இப்படிப்பட்டவர்கிட்ட போய் "எங்க டீம் ப்ராஜெக்ட் அலுமினியம் வயர்ப்பா" என்று சொன்னா எப்படி இருக்கும்? சாப்பிட்டுட்டு இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார்.

உண்மையைச் சொன்னா கிடைக்கலை. நாங்க நாலு பேர், மெக்கானிக்கல். நல்ல தலைப்பையெல்லாம் மத்த டீம் எடுத்துட்டாங்க. கைடு கொடுத்த லிஸ்ட்டில் மிச்சம் இருந்தது இதுதான். ஆனா படிக்க ஆரம்பிச்சதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு காரணம், தலையைத் தூக்கினா எங்கேயும் அலுமினியம்தான். நம்ம தெரு கம்பத்தில் போற கம்பி அலுமினியம். பெரிய டவர்களில் போறதும் அலுமினியம், நடுவில் ஸ்டீல் கோர் வெச்சது. அந்த வகைக் கம்பிகளுக்கு எல்லாம் மிருகப் பெயர். வீசல், ராபிட், ராக்கூன், டாக், பாந்தர், ஸீப்ரா, மூஸ். வீசல் சின்னது, கிராமத்து லைன்களில் போகும். மூஸ் 400 கிலோவோல்ட் லைனுக்கு. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பார்னு மனப்பாடம் பண்ணினேன், கேட்கவே இல்ல. அதான் இங்கே எழுதிட்டேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் ஞாபகம் இருக்கா? எனக்குப் பன்னிரண்டு வயசு. மறுநாள் காலையில் தெருவுக்கு வந்தா, கம்பங்கள் சாய்ஞ்சு, கம்பியெல்லாம் ரோட்டில் கிடந்தது. கரண்ட் இல்ல, பயப்படாதீங்கன்னு லைன்மேன் சொன்னதும் பசங்க எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்தோம். இவ்வளவு நீளக் கம்பி இவ்வளவு லேசாவா இருக்கும்னு ஆச்சரியமா இருந்தது. அதுதான் விஷயம். ஒரே ரெசிஸ்டன்ஸ் வேணும்னா அலுமினியக் கம்பி காப்பரை விட 1.6 மடங்கு பரப்பளவு இருக்கணும். ஆனா அலுமினியத்தின் அடர்த்தி 2.7, காப்பருக்கு 8.9. அதனால் தடிமன் கூடினாலும் எடை பாதிதான். விலையிலும் ஒரு கிலோ காப்பர் வாங்கற காசுக்கு மூணு கிலோவுக்கு மேல அலுமினியம் வரும். கம்பத்துக்குக் கம்பம் தொங்கணும்னா இதை விட வேற என்ன வேணும்?

தாத்தா ஏன் வீட்டுக்குள்ளும் அலுமினியம் போட்டார் என்பதுக்கும் பதில் கிடைச்சுது. அப்பா நினைச்சிட்டு இருந்த மாதிரி கஞ்சத்தனம் மட்டும் காரணம் இல்ல. அந்தக் காலத்தில் நாட்டுக்குத் தேவையான காப்பரில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது, அதுக்கு டாலர் இல்ல. பாக்சைட் நம்மகிட்டயே இருந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் தோண்டி, மேட்டூரில் உருக்கினாங்க. அங்கே 1965-ல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சேலம் பக்கம் ஆட்கள் மால்கோன்னு சொல்வாங்க, அலுமினியம் எடுக்க ஆரம்பிச்சது. 2008-ல் உருக்கறதை நிறுத்திட்டாங்க. ஜாம்ஷெட்பூரில் 1950-ல் திறந்த தேசிய உலோகவியல் ஆய்வகத்தில், காப்பருக்குப் பதிலா போட அலுமினியக் கடத்தி உருவாக்க வேலை செஞ்சிருக்காங்க. அதில் ஒண்ணுக்கு 'பி.எம்.2' என்று பெயர். அதாவது எங்க நாலு பேர் ப்ராஜெக்ட்டை ஒரு நாடு அப்பவே அவசரத் தேவையா செஞ்சு பார்த்திருக்கு.

இப்போ கலவைக்கு வரேன். கொஞ்சம் தியரி இருக்கு, ஓடிடாதீங்க.

சுத்த அலுமினியம் கரண்டை நல்லா கடத்தும். காப்பருக்கு 100 மார்க்னு வெச்சா இதுக்கு 61. இந்த மார்க்குக்குப் பேர் ஐ.ஏ.சி.எஸ்., 1913-ல் முடிவு பண்ணினது. ஆனா சுத்த அலுமினியத்துக்கு வலு கம்மி. நல்லா இழுத்து கடினமாக்கின கம்பிகூட 160, 170 மெகாபாஸ்கல்தான். அதனால்தான் நடுவில் ஸ்டீல். ஸ்டீல் இல்லாமலே வலு வேணும்னா வேற எதையாவது கலக்கணும். கலந்தா கடத்துற தன்மை குறையும்.

ஏன் குறையுதுன்னு எனக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்னப்போதான் புரிஞ்சுது, பொய் சொல்லலை. ரோடுதான் அலுமினியம், பஸ்ஸும் பைக்கும் எலக்ட்ரான். ஷேர் ஆட்டோக்கள் கலக்கிற அணுக்கள். ஒவ்வொரு ஷேர் ஆட்டோவும் இஷ்டத்துக்கு ரோட்டில் நின்னா, இருபது ஆட்டோ போதும், மொத்த டிராஃபிக்கும் காலி. அதே இருபது ஆட்டோவை ஓரமா ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினா ரோடு ஃப்ரீ. கலக்கிற அணுக்கள் அலுமினியத்தில் கரைஞ்சு தனித்தனியா சிதறிக் கிடந்தா கரண்டுக்குப் பெரிய தடை. அதே அணுக்கள் ஒண்ணா சேர்ந்து குட்டிக் குட்டித் துகள்களா ஒதுங்கிட்டா கரண்ட் ஓரளவு நல்லாவே போகும். ஆனா கம்பி வளையறதையும் நீளறதையும் அந்தத் துகள்கள் தடுக்கும். வலுவும் வரும், கரண்டும் போகும்.

மக்னீசியமும் சிலிக்கானும் இதைத்தான் செய்யுது. ரெண்டும் சேர்ந்து மக்னீசியம் சிலிசைடு துகளா ஒதுங்கும். இந்தக் கலவை புதுசு இல்ல. 1920-களிலேயே ஸ்விட்சர்லாந்தில் ஆல்ட்ரேன்னு செஞ்சாங்க, பிரான்ஸில் அல்மெலெக்னு பேர். இப்போ 6201-னு நம்பர். மக்னீசியம் 0.6-லிருந்து 0.9 சதவீதம், சிலிக்கான் 0.5-லிருந்து 0.9. இந்தியாவில் ஐ.எஸ். 398, நாலாம் பாகம். வலு 300 மெகாபாஸ்கலைத் தாண்டும், ஐ.ஏ.சி.எஸ். மார்க் 52.5 வரும். எங்க டார்கெட் அதுதான். புதுசா கண்டுபிடிக்கிறோம்னு எல்லாம் இல்ல, நம்ம காலேஜ் ஃபர்னஸில் 52.5 வருமான்னு பார்க்கறது.

முதல் உருக்கு அக்டோபரில். மழை. காத்தில் ஈரம் இருந்தா உருகின அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கும், ஆறும்போது உள்ளே ஓட்டை ஓட்டையா வரும். அதுக்கு டீகாஸிங் மாத்திரை போட்டோம். மக்னீசியம் மேலேயே எரிஞ்சு போகாம இருக்க, அலுமினியம் ஃபாயிலில் சுத்தி, கம்பியில் கட்டி உள்ளே அமுக்கினோம். ஃபவுண்டரி புக்கில் தானியம் நுண்ணியதா வர டைட்டேனியம்-போரான் போடச் சொல்லியிருந்தது. போட்டோம். வார்த்த கம்பி அழகா வந்தது. 530 டிகிரியில் சூடு பண்ணி, தண்ணியில் முக்கி, எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பி இழுக்கிற யூனிட்டில் கெஞ்சிக் கூத்தாடி டை வழியா இழுத்து 3 மில்லிமீட்டர் ஆக்கி, 165 டிகிரியில் ஊற வெச்சோம். ஒரு மீட்டர் கம்பியை மைக்ரோ ஓம் மீட்டரில் வெச்சா 4.64 மில்லி ஓம் வரணும். வந்தது 5.08. கணக்குப் போட்டா 48 மார்க்.

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். வெயிட் தப்பா, சூடு தப்பா, மீட்டர் தப்பா? மீட்டர் தப்புன்னு மூணு நாள் நம்பினோம். மனசுக்கு அதுதான் வசதி.

தப்பு டைட்டேனியத்தில் இருந்தது. நாங்க போட்ட மாஸ்டர் அலாயில் டைட்டேனியம் 5 பங்கு, போரான் 1 பங்கு. போரான் தன் பங்குக்கு ரெண்டேகால் பங்கு டைட்டேனியத்தைத்தான் பிடிச்சு வெச்சுக்கும். மிச்சம் கரைஞ்சு, ரோடு நடுவில் நிக்கிற ஷேர் ஆட்டோ ஆயிடும். என்ஜின் பிளாக் வார்க்கறவங்களுக்கு அது நல்ல மருந்து. கம்பிக்கு விஷம். நாங்க படிச்ச புக் என்ஜின் பிளாக்குக்கு எழுதினது, அதை நாங்க யோசிக்கவே இல்ல. கம்பி செய்யறவங்க இதுக்கு நேர் எதிரா செய்வாங்க. போரானை மட்டும் போட்டு, இங்காட்டில் ஏற்கெனவே இருக்கிற டைட்டேனியம், வனேடியத்தைப் பிடிச்சு அடியில் தங்க வெச்சுடுவாங்க. ரெண்டாவது உருக்கில் நாங்களும் அப்படியே செஞ்சோம். அசையாம விட்டு, மேல இருந்து மட்டும் ஊத்தினோம்.

52.1 வந்தது. 52.5 வரலை. ஆனா கைடு முதல் முறையா சிரிச்சார்.

அன்னைக்கு ராத்திரி கம்பியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அப்பா கையில கொடுத்தேன். வளைச்சுப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார். "நல்லா முறுக்கா இருக்கு" என்றார். எனக்குப் பெருமையா இருந்தது, ஒரு அஞ்சு செகண்ட். அப்புறம் கேட்டார்: "ஸ்க்ரூவில் கடிச்சு முடுக்கி ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, டைட்டா இருக்குமா? அலுமினியம் மசியும்டா."

மசியும். நான் ரெண்டு செமஸ்டர் 'க்ரீப்'னு படிச்சதுக்கு அப்பா வெச்சிருக்கிற வார்த்தை இது. ஸ்க்ரூவுக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கிற கம்பி நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா வழி விட்டுடும். கூடவே சூடு. அலுமினியம் டிகிரிக்கு விரியற அளவு ஸ்டீலைப் போல ரெண்டு மடங்கு கிட்ட. கரண்ட் போகும்போது விரிஞ்சு ஸ்க்ரூவில் முட்டும், வெளியே போக இடம் இல்லாம மசியும். ஆறும்போது சுருங்கும், இடைவெளி விழும். இடைவெளிக்குள் காத்து போகும். காத்து பட்ட அலுமினியத்து மேல உடனே ஆக்சைடு படலம் வரும், அது கரண்டைக் கடத்தாது. ரெசிஸ்டன்ஸ் ஏறும், இன்னும் சூடு ஏறும். ஆயா கையில விழுந்தது இந்தச் சுத்தல்தான்.

நான் பதில் சொல்லலை. எனக்குத் தெரியலை. எங்க கம்பி கம்பத்தில் தொங்கறதுக்கு. ஸ்க்ரூவில் கடிக்கிறதைப் பத்தி எங்க ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்ல.

தேடினேன். அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கு. 1965 வாக்கில் காப்பர் விலை ஏறினதும் வீடுகளுக்குள் அலுமினியம் போட்டாங்க. போட்டது மேலே லைனில் போற அதே சுத்த அலுமினியம். 1974-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு எரிஞ்சு ரெண்டு பேர் செத்தாங்க, பிளக் பாயின்ட்டில் அலுமினிய ஜாயின்ட்தான் காரணம்னு முடிவு பண்ணினாங்க. அப்புறம் அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு செஞ்சு சொன்னது: 1972-க்கு முன்னாடி அலுமினிய வயரிங் போட்ட வீட்டில் ஒரு ஜாயின்ட்டாவது தீ ஆபத்து நிலைக்குப் போற வாய்ப்பு, காப்பர் வீட்டை விட 55 மடங்கு.

இதைப் படிச்சது ராத்திரி ஒரு மணிக்கு. அப்போதான் ஒரு விஷயம் உறைச்சது. அன்னைக்குத் தீப்பிடிச்சப்போ ஆயா வீட்டில் ஹாலுக்கும் சமையல் ரூமுக்கும்தான் காப்பர் மாத்தினோம். காசு பத்தலை. பின்னாடி ரூமை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டது, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆயா தூங்கறது அந்த ரூமில்.

ஞாயித்துக்கிழமை காலையில் மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வெச்சு ரெண்டு தடவை பார்த்துட்டு, நானும் அப்பாவும் அந்த போர்டைத் திறந்தோம். நாலு ஜாயின்ட்டில் ஒண்ணு பழுப்பு நிறத்தில் இருந்தது. வயர் தோல் ஒரு இன்ச் நீளத்துக்கு மொறுமொறுன்னு ஆகி, கை வெச்சதும் உடைஞ்சுது. ஸ்க்ரூவை அப்பா விரலாலயே திருப்பினார். டிரைவர் தேவைப்படலை. ரெண்டு பேரும் எதுவும் பேசலை. ஆயா வாசலில் உட்கார்ந்து, "கரண்ட் எப்படா வரும்?"னு கேட்டுட்டே இருந்தாங்க.

அன்னைக்கே மாத்தினோம். என் இன்டர்ன்ஷிப் காசில் வயர் வாங்கினேன். அலுமினியம் ப்ராஜெக்ட் செய்யற பையன், கடையில் நின்னு "காப்பர்தானே? நிச்சயமா காப்பர்தானே?"னு மூணு தடவை கேட்டேன். கடைக்காரர் முறைச்சார்.

உங்க தாத்தா பாட்டி வீடு எழுபது, எண்பதுகளில் கட்டினதா, வயரிங் மாத்தாததா இருந்தா, ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து போர்டைத் திறந்து பாருங்க. நீங்களா திறக்காதீங்க. சுவிட்ச் பக்கம் சூடா இருக்கிறது, லைட் மினுக்கிறது, கருகின வாசனை, பிளக் பாயின்ட் மஞ்சளாகிறது, இதெல்லாம் அறிகுறி.

சரி, அப்பா கேள்விக்குப் பதில். அமெரிக்காக்காரங்க அந்தத் தீக்களுக்கு அப்புறம் வேற வகை கலவைக்குப் போனாங்க, 8000 வரிசைன்னு பேர். அதில் ஹீரோ இரும்பு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அலுமினியத்தில் இரும்புன்னா அழுக்கு, வராம பார்த்துக்கணும்னுதான் படிச்சிருக்கோம். ஆனா இரும்பு அலுமினியத்தில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. கரையாததால ரோட்டில் நிக்காது, துகளா ஒதுங்கிடும். அதனால் மார்க் பெரிசா குறையாது. அந்தத் துகள்கள் உள்ளே ஆணி அடிச்ச மாதிரி நின்னு, மசியறதைத் தடுக்கும். 8030 கலவையில் இரும்பு 0.3-லிருந்து 0.8 சதவீதம், கொஞ்சம் காப்பரும் உண்டு. கலவையோட சேர்த்து, அதுக்கு ஏத்த கனெக்டர்களையும் மாத்தினாங்க. அது ரொம்ப முக்கியம், கம்பி மட்டும் மாறினா பத்தாது.

மூணாவது உருக்கு ப்ராஜெக்ட் கணக்கில் இல்ல. கைடு, "இதை ரிப்போர்ட்டில் போடாதே, ஸ்கோப் வெளியே போயிடும்" என்றார். போடலை. இரும்பு 0.5 சதவீதம் வர்ற மாதிரி உருக்கி, 1.8 மில்லிமீட்டருக்கு இழுத்து, 350 டிகிரியில் மிருதுவாக்கினோம். இழுக்கும்போது பாதி அறுந்துடுச்சு. மிச்சம் வந்தது பதினொரு மீட்டர்.

டெஸ்ட் பெஞ்ச் அப்பா கடையில். அப்பாதான் டிரான்ஸ்ஃபார்மர் சுத்திக் கொடுத்தார், காப்பரில். வோல்டேஜ் கம்மி, கரண்ட் 15 ஆம்ப். ஒரு டைமர், அரை மணி நேரம் ஆன், அரை மணி நேரம் ஆஃப். ஒரு பலகையில் ஒரே மாதிரி நாலு ஸ்க்ரூ கனெக்டர். நாலிலும் ஒரே தடிமன் கம்பி: காப்பர், சுத்த அலுமினியம், எங்க மக்னீசியம்-சிலிக்கான், எங்க இரும்புக் கலவை. நாலு ஸ்க்ரூவையும் அப்பாவே முடுக்கினார். டார்க் டிரைவர் வேணும்னு நான் சொன்னதுக்கு, "முப்பது வருஷமா முடுக்கற கைடா இது" என்றார். இது சயின்ஸ் இல்லன்னு எனக்குத் தெரியும். வகைக்கு ஒரு கம்பி வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் கீழே வர்ற நம்பரை எங்கேயும் மேற்கோள் காட்டிடாதீங்க.

ஞாயித்துக்கிழமைதோறும் ஜாயின்ட்டுக்கு ரெண்டு பக்கமும் மில்லிவோல்ட் பார்ப்போம். முதல் நாள் காப்பர் 4, மத்த மூணும் 6, 7. மூணு வாரம் கழிச்சு, ஏறக்குறைய 500 சுத்து ஓடினதுக்கு அப்புறம், காப்பர் அதே 4. சுத்த அலுமினியம் 31. மக்னீசியம்-சிலிக்கான் 15. இரும்பு 8. அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு, மோட்டார் டர்ன் எழுதற நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வெச்சார். 31-க்கு அடியில் ரெண்டு கோடு போட்டார்.

எனக்கு ஐடி கம்பெனியில் வேலை கிடைச்சிருக்கு, ஜூலையில் ஜாயினிங். ரிப்போர்ட் பைண்டிங் போயாச்சு. ஆனா பலகை இன்னும் கடைச் சுவரில்தான் ஓடிட்டு இருக்கு. அப்பா நிறுத்த விடலை. போன வாரம் ரீடிங் எடுத்து முடிச்சதும் இரும்புக் கலவைக் கம்பியில் மிச்சம் இருந்த ஒரு துண்டை எடுத்து, விரலில் சுத்திச் சுத்தி காயில் மாதிரி ஆக்கிப் பார்த்தார்.

"இதுல வைண்டிங் ஒயர் இழுக்க முடியுமா?"

"முடியும்ப்பா. ஆனா சால்டர் பிடிக்காதே, ஆக்சைடு இருக்குல்ல."

"அப்போ அதை என்னன்னு பாரு" என்று சொல்லிட்டு, ஷட்டரை இறக்கப் போயிட்டார்.